பன்னிரண்டாம் பெட்டிக்கு அடியில்

நான் சொல்லப்போவது ராத்திரியில் நடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் இரண்டு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரத்தையும் நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. என் சோதனைக் கருவி ஒவ்வொரு அளவையும் மணி, நிமிடத்தோடு பதிந்து வைக்கும். மற்றதை அவ்வப்போது வேலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. அவ்வளவு நடுக்கம். ஆனால் நேரங்கள் தெளிவாக இருக்கின்றன.

கண்ணாடி இழைகளை ஒட்டுவது என் தொழில். தலைமுடி தடிமன்தான் இருக்கும் ஒவ்வொரு இழையும். அதன் வழியே வெளிச்சமாகச் செய்தி போகும். அறுந்தால் இரண்டு நுனியையும் சீவி, நேருக்கு நேர் வைத்து, உருக்கி ஒன்றாக்குவேன். என் வீட்டுக்காரருக்கு மின்பெட்டி வேலை. கண்ணாடியோடுதான் நீ குடும்பம் நடத்துற என்று சொல்லிச் சொல்லியே எனக்குக் ‘கண்ணாடி’ என்று பேர் வைத்துவிட்டார். பத்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போகிறோம். வேலையிடத்தில் சண்டை, வீட்டில் சமாதானம். சில நாள் தலைகீழாக.

அந்தச் சுரங்கச் சாலை இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. உள்ளே சுவரோரம் நூற்றைம்பது மீட்டருக்கு ஒன்றாகப் பதினாலு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் தன் பங்கு விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும். வெளியே வெயில் ஏற ஏற வாயில் பக்கம் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நுழைகிற ஓட்டுநருக்குக் கண் இருட்டிவிடும். எவ்வளவு கூட்டணும், எவ்வளவு குறைக்கணும் என்ற கட்டளை கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்ணாடி இழையில்தான் வரும்.

கோளாறு ஒன்பதாம் பெட்டியில். மூன்று நாளாக மதியம் சரியாக 2:17க்கு அதன் விளக்குகள் அத்தனையும் அணைந்தன. நாலு நிமிடம் கழித்துத் தானாக எரிந்தன. இரண்டாம் நாள் அந்த இருட்டில் ஒருவர் பைக்கோடு சுவரில் மோதித் தோள் எலும்பை உடைத்துக்கொண்டார்.

இதில் ஒன்று எனக்கு முதலிலேயே உறுத்தியது. இழை அறுந்து கட்டளை வராமல் போனால்கூடப் பெட்டி விளக்கை அணைக்காது. கடைசியாக இருந்த வெளிச்சத்தையே அப்படியே வைத்திருக்கும். விளக்கு அணைய வேண்டும் என்றால் ‘அணை’ என்று யாராவது கட்டளை அனுப்ப வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரை எல்லோரும் ‘வானொலி’ என்போம், வாய் ஓயாது. அவர் பதிவு முழுக்கத் தேடிவிட்டார். அப்படி ஒரு கட்டளையை அவர் அறையிலிருந்து யாரும் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி முதல் நாலு மணி வரை சுரங்கத்தை மூடித் தந்தார்கள். மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். 1:08க்கு எங்களுக்குப் பின்னால் தடுப்புக் கட்டை இறங்கியது.

திட்டம் எளிது. நான் ஒன்பதாம் பெட்டியில் உட்கார்ந்து இழைகளைச் சோதிக்க வேண்டும். ஒன்பதுக்கு வரும் இழைகள் பன்னிரண்டாம் பெட்டிக்கு அடியில் நடைபாதைக்குள் இருக்கும் ஒரு குழியில் இணைகின்றன. அவர் அங்கே போய் இரும்பு மூடியைத் திறந்து, குழிக்குள் இறங்கி, அந்த இணைப்பைப் பார்க்க வேண்டும். இடையில் நானூற்றைம்பது மீட்டர். நடுவில் ஒரு வளைவு. ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கைப்பேசிக்கும் உள்ளே சிக்னல் கிடையாது.

அதற்கு எங்களிடம் டாக் செட் உண்டு. ஆளுக்கொன்று. பழைய வாக்கிடாக்கி போல இருக்கும். உபரியாக விட்டிருக்கும் ஒரு இழையின் இரண்டு நுனியிலும் மாட்டினால், அந்தக் கண்ணாடி வழியாகவே பேசிக்கொள்ளலாம். அன்றைக்குச் சிவப்பு இழையை எடுத்துக்கொண்டோம்.

என்னை ஒன்பதில் இறக்கிவிட்டு அவர் வண்டியோடு வளைவைத் தாண்டிப் போனார். என்ஜின் சத்தம் தேய்ந்து நின்றது.

வண்டிகள் ஓடாத சுரங்கத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். காற்றாடிகளும் நின்றுவிட்டால் நம் மூச்சே சுவரில் பட்டுத் திரும்பி வரும். நான் மடக்கு மேசையை விரித்தேன். கருவிகளை எடுத்து வைத்தேன். சிவப்பு இழையில் டாக் செட்டை மாட்டினேன்.

1:31. செட்டில் அவர் குரல்.

“கண்ணாடி, கேக்குதா?”

“கேக்குது.”

“வெளிச்சம் வருதா?”

எங்கள் வேலையில் இது ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கும் கேள்வி. ஒரு முனையில் ஒளியை விட்டுவிட்டு மறுமுனையில் வருகிறதா என்று கேட்போம். ஒளி அளவியை வைத்துப் பார்த்தேன். வந்தது. சொன்னேன்.

ஒவ்வொரு இழையாகச் சோதித்தேன். எல்லாம் சுத்தம். ஒரு குறையும் இல்லை.

1:44. “வெளிச்சம் வருதா?”

இப்போதுதானே சொன்னேன் என்றேன். வழக்கமாக என்னிடம் திட்டு வாங்கினால் பதிலுக்கு ஒரு கிண்டல் வரும். வரவில்லை. செட்டில் மெல்லிய இரைச்சல் மட்டும். அதற்குள்ளே இன்னொரு சத்தம்.

சொட்... சொட்...

1:52. அங்கே தண்ணீர் ஏதும் ஒழுகுகிறதா என்று கேட்டேன்.

“ஆமா. முட்டி வரைக்கும் வந்துருச்சு.”

சிரித்துவிட்டேன். இவர் இப்படித்தான். போன வருஷம் ஒரு பெட்டிக்குள் பாம்பு என்று சொல்லி என்னை நடுரோட்டில் ஓடவிட்டவர். முட்டி வரைக்கும் தண்ணீர் என்றால் அப்படியே துணியைத் துவைத்துக்கொண்டு வாங்க என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

“வெளிச்சம் வருதா, கண்ணாடி?”

குரல் அவருடையதுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏதோ ஒன்று... பல் கிட்டிக்கொண்டு பேசுவது போல இருந்தது. வெளியே கொளுத்தும் வெயில். உள்ளேயும் புழுக்கம். என் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஏன் குளிர்கிறது?

எழுந்து நடைபாதையைப் பார்த்தேன். கீழே வடிகாலுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

2:01.

“இடுப்பு வரைக்கும் வந்துருச்சு.”

விளையாடாதீங்க என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. தண்ணீர் அளையும் சத்தம் கேட்டது. குறுகலான இடத்தில் ஒரு ஆள் அசைந்தால் எப்படிக் கேட்குமோ, அப்படி.

“மேல ஏறி வாங்க. வேலையை அப்படியே போட்டுட்டு ஏறி வாங்க.”

2:04.

“மூடி தொறக்க மாட்டேங்குது.”

செட்டை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.

வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. தலைக்கவசம் ஆடி ஆடிக் கண்ணை மறைத்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பத்தாம் பெட்டி. என் காலடிச் சத்தம் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஓடியது. மூடியை நான் ஒருத்தியாக எப்படித் தூக்குவேன்? அது நூறு கிலோ இருக்கும். வண்டியில் சங்கிலி இருக்கிறதா? அதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

வளைவில் எதிரே ஒருவர் நடந்து வந்தார்.

மணி 2:07.

அவர்தான். கையில் பை. தோளில் துண்டு. காலணியில் தூசி. உடம்பில் ஒரு இடத்தில்கூட ஈரம் இல்லை.

“என்ன இப்படி ஓடி வர்ற? நான் எத்தனை தடவை கூப்பிட்டேன், ஏன் எடுக்கல?”

அவரே பேசினார். போனதிலிருந்து டாக் செட் வேலை செய்யவில்லையாம். பேட்டரி மாற்றிப் பார்த்தாராம். பன்னிரண்டாம் பெட்டியில் இருந்த சிவப்பு இழை நுனியைத் துடைத்துப் பார்த்தாராம். ஒரு இரைச்சல்கூட வரவில்லை. குழியின் மூடியும் திறக்கவில்லை, நாலு போல்ட்டும் துருப்பிடித்து இறுகிவிட்டன. என்னிடம் இருக்கும் பெரிய ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நடந்து வந்திருக்கிறார். வண்டியைத் திருப்ப இடம் இல்லாததால் அங்கேயே நிற்கிறது.

“நீங்க குழிக்குள்ள இறங்கவே இல்லையா?”

“மூடியே தொறக்கலங்கறேன்.”

அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்தார். பாம்புக்குப் பழி வாங்குறியா என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒன்பதாம் பெட்டிக்குத் திரும்பினேன்.

2:12.

மேசைக்குப் பத்தடி இருக்கும்போதே கேட்டது.

“நெஞ்சு வரைக்கும்... கண்ணாடி... வெளிச்சம் வருதா...”

அவர் குரல்.

அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு அசையவில்லை.

அவர் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். நம் குரலை நாமே வெளியிலிருந்து கேட்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் தன் பையிலிருந்து தன்னுடைய செட்டை எடுத்தார். எதிலும் மாட்டாத வெறும் செட். பொத்தானை அழுத்தினார். விளக்குகூட எரியவில்லை.

யாரோ விளையாடுறாங்க என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. சுரங்கத்தில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

2:14.

அவர் மேசையிலிருந்த கத்தரியை எடுத்தார். சிவப்பு இழையை வெட்டினார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். என் செட்டிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டு மட்டும் தொங்கியது. அதன் மறுநுனி காற்றில் ஆடியது. அந்தச் செட் இப்போது உலகத்தில் எதனோடும் இணைந்திருக்கவில்லை.

“கழுத்து வரைக்கும்...”

அவர் கத்தரியைக் கீழே போட்டுவிட்டார்.

“போயிடலாம்.”

நான் நகரவில்லை. நகர முடியவில்லை.

2:17.

விளக்குகள் அணைந்தன.

எங்கள் தலைக்கு மேலே மட்டும். இருபுறமும் தூரத்தில் மற்றப் பெட்டிகளின் வெளிச்சம். நடுவில் நாங்கள். கறுப்பு.

தலைக்கவச விளக்கை எரியவிட்டேன். வட்டமாக ஒரு சின்ன வெளிச்சம். அதில் அவர் கை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

செட்டில் இப்போது வார்த்தை இல்லை.

கொப்... கொப்...

வாய்க்குள் தண்ணீர் போகும் சத்தம்.

பிறகு...

“கண்ணாடி... இருட்டா இருக்கு... வெளிச்சம் அனுப்பு...”

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். அவர் வேண்டாம், வேண்டாம் என்று இழுத்தார். கையை உதறினேன். அந்தக் குரலை என்னால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அது பேயோ, பிசாசோ. அது என் வீட்டுக்காரர் குரல்.

சுவர்ப் பக்கம் இருந்த, வெட்டுப்பட்ட இழை நுனியை எடுத்தேன். சீவினேன். இரண்டு தடவை உடைந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. சிவப்பு லேசர் பேனாவை எடுத்தேன். நுனியை அதில் செருகினேன். அழுத்தினேன்.

இழைக்குள் சிவப்பு ஓடியது.

2:18.

“வருது.”

ஒரே வார்த்தை. நிம்மதியாகச் சொன்ன மாதிரி.

அதற்குப் பிறகு...

ஒன்றும் இல்லை.

இரைச்சல்கூட இல்லை.

2:21க்கு விளக்குகள் எரிந்தன.

நாங்கள் அசையாமல் நின்றோம். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இது செட்டில் இல்லை. சுரங்கத்தில். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, லாரியிலிருந்து மண்ணைக் கொட்டுவது போல. பிறகு வடிகாலுக்குள் சலசலவென்று ஓடி வந்தது. கொஞ்ச நேரம் முன்னால் எலும்பாகக் காய்ந்திருந்த வடிகால். கறுப்புத் தண்ணீர். விளிம்பு வரைக்கும்.

கருவிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். எட்டாம் பெட்டிச் சுவரிலிருந்த அவசரத் தொலைபேசியில் வானொலியைக் கூப்பிட்டு, யாரையும் உள்ளே விடாதீங்க என்று மட்டும் சொன்னேன். 2:38க்கு வெயிலுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும். ரொம்ப நேரம் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

பிறகு பொறியாளர்கள் வந்தார்கள். மலைக்குள் தேங்கியிருந்த ஊற்று குழியின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1:40 வாக்கில் குழிக்குள் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கும், முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் மூடி வரை நிரம்பியிருக்கும், அதன் பிறகு அழுத்தம் தாங்காமல் நடைபாதையைப் பிளந்திருக்கும் என்றார்கள். உடைந்த கான்கிரீட் பலகை ஒன்று மூடியின் மேலேயே விழுந்து கிடந்தது. அந்த நேரத்தில் உள்ளே ஒரு ஆள் இறங்கியிருந்தால் ஏறி வந்திருக்க முடியாது என்று மூத்த பொறியாளர் சொன்னார். அதிர்ஷ்டசாலி சார் நீங்க என்று என் வீட்டுக்காரர் முதுகில் தட்டினார்.

மூன்று நாள் விளக்கு அணைந்ததற்கு, இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம் என்று அறிக்கையில் எழுதினார்கள். ஈரம் மணி பார்த்து வருமா என்று வானொலி கேட்டார்.

செட்டில் கேட்ட குரலைப் பற்றி நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எங்களுக்குள்ளேயும் பேசவில்லை. சாப்பிட்டோம், மகளைக் கூட்டி வந்தோம், தூங்கினோம். தூங்கவில்லை, படுத்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்து முடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. வண்டியையும் கருவிகளையும் எடுக்கப் போனோம். பம்ப் வேலை பார்த்த மேஸ்திரி எங்களைக் கண்டதும் கூப்பிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

“உங்க ஃபோன் கீழ கெடந்துச்சு. குழியோட அடியில.”

பைக்குள் ஒரு டாக் செட். சேறு அப்பியிருந்தது. சிவப்பு இழையின் ஒரு துண்டு அதில் மாட்டியபடியே இருந்தது.

மூடியை எப்படித் திறந்தீர்கள் என்று இவர் கேட்டார். திறக்கவே இல்லை என்றார் மேஸ்திரி. நாலு போல்ட்டும் கட்டிய நாளில் முடுக்கியது, அதற்குப் பிறகு ஒருவரும் கழற்றியதில்லை. கடைசியில் கட்டரை வைத்து அறுத்துத்தான் தூக்கினார்களாம்.

என் செட் மேசையிலேயே இருந்தது. இவருடைய செட் இவர் பையில் இருந்தது. எங்களிடம் இருப்பதே இரண்டு. இவர் தன்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சேற்றைத் துடைத்தார். பின்பக்கத்தில் பொறித்த எண்ணைப் படித்தோம். கடைசி இலக்கம் வரை ஒன்று. போன மழைக்காலத்தில் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்டு ஓரத்தில் உருகிய தழும்பு. இதிலும் இருந்தது. அதே இடத்தில், அதே அளவில்.

சேறு பிடித்த செட்டின் பொத்தானை நான் அழுத்தினேன். எரியாது என்று நினைத்துத்தான் அழுத்தினேன்.

எரிந்தது.

அதன் சின்னத் திரையில் எழுத்து வந்தது. கடைசியாகப் பேசிய நேரம்: 47 நிமிடம்.

1:31லிருந்து 2:18 வரை. நான் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவைப்படவில்லை.

இவருடைய செட்டும் இப்போது எரிந்தது. அதில் பூஜ்யம்.

மேஸ்திரி போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். இவர் அந்தச் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லல. நான் ஸ்பேனருக்காக மட்டும் வரல.”

நான் காத்திருந்தேன்.

“ரெண்டு மணி இருக்கும். மூடியைச் சுத்தியலால மூணு தடவை தட்டினேன், துரு உதிரட்டும்னு. அடியில இருந்து மூணு தடவை தட்டுச்சு. குழாய்ல காத்து அடைச்சிருக்கும்னு நெனச்சேன். மறுபடி ரெண்டு தட்டினேன்... ரெண்டு வந்துச்சு. பயந்து எழுந்து வந்துட்டேன்.”

அவர் செட்டைப் பைக்குள் போட்டு முடிச்சிட்டார்.

“நான் தட்டற மாதிரியேதான் இருந்துச்சு, கண்ணாடி.”